பொருந்தாத கியர்பாக்ஸ்

20 ஜனவரி 1975, திங்கள்

செங்கல்பட்டுச் சந்தைக்குப் போய்வந்தோம். காரப்பொடி மீன்தான் அதிகம், வஞ்சிரம் கொஞ்சம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன்னால் வைக்கோல் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "போலாமா கல்யாணி?" என்று நைனா கேட்டார். நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்து, "இரு நைனா, எதுக்க பஸ்சு வருது" என்றேன். பஸ் போனதும் "இப்ப போ."

அமெரிக்காவில் செய்த பிக்கப் வண்டி. ஸ்டீயரிங் இடது பக்கம். எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, வலது பக்கம் இருக்கிற நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இயற்பியல் படித்த மூன்று வருஷமும் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிற இந்த ஆறேழு மாதத்தில் சத்தமாகப் பேசுவது இந்த வேலைக்கு மட்டும்தான்.

வழியில் ஒரு சைக்கிள்காரர் நைனாவின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நீட்டியபடியே கிடக்கிற கால். இந்தக் காலோடு எப்படி ஓட்டுகிறார் என்று யோசித்திருப்பார். கியர் போடக் காலே வேண்டாம் ஐயா, பட்டனை அழுத்தினால் போதும் என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போலச் சொல்லவில்லை.

23 ஜனவரி, வியாழன்

வண்டி இன்று கடலுக்குள் போய்விட்டது.

விடியற்காலையில் நெத்திலி கொட்டோ கொட்டென்று வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கூடையை மணலில் சுமக்கிற பாட்டை மிச்சம் பிடிக்க, தென்னை மட்டை பரப்பி வண்டியையே அலை ஓரத்துக்குப் பின்பக்கமாக இறக்கிக் கட்டுமரத்திலிருந்து நேராக ஏற்றுவார்கள். வண்டியும் அவர்களுக்கு ஒரு கட்டுமரம்தான். இன்று "இன்னும் வா, இன்னும் வா" என்று எல்லாரும் கை காட்டினார்கள். நைனா போனார். ஒரு பெரிய அலை வந்து பின்பக்கத்தைத் தூக்கிக் கீழே வைத்தது. பம்பர் தண்ணீரில். கயிறு கட்டி, வலை இழுக்கிற பாட்டைப் பாடி, குப்பமே இழுத்துக் கரையேற்றியது.

அம்மா பத்துக் குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மரத்தைக் கழுவுகிற மாதிரியே. எஞ்சின் காய்ந்ததும் ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

27 ஜனவரி, திங்கள்

சிரித்தது தப்பு.

திருக்கழுக்குன்றத்து ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. தீய்ந்த வாடை. மீன் கூடைகளோடு பெண்கள் இறங்கி நின்றார்கள். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற மாட்டார்கள். கண்டக்டர் படியிலேயே காலை நீட்டி மறிப்பார். அதற்காகத்தானே வண்டியே வாங்கியது.

பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவினேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் நுரையோடு வெளுத்துப்போய், அசல் ரோஸ்மில்க். உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெளியே கழுவினோம். உள்ளே ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

செங்கல்பட்டு மெக்கானிக் ஞானதாஸ் வந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து துடைத்துக்கொண்டார்.

"அண்ணாத்த, இது போயிடுச்சி. நம்ம ஊர்ல இதத் தொட்டவனே கெடையாது, நானும்தான். பேஜாரு வாணாம். மிலிட்டரி ஏலத்துல வந்த கியர்பாக்ஸ் ஒண்ணு நம்ம ஷெட்ல கீது. கையால போடுற கம்பி கியரு. ஒரு கிளட்ச் மிதி வெச்சி மாட்டிக் குடுத்துர்றேன். ஆயுசுக்கும் ஓடும்."

நைனா குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டார். கிளட்ச் மிதிப்பது இடது கால்.

அந்தக் காலின் மேல் கட்டுமரம் உருண்டு ஆறு வருஷம் ஆகிறது. முட்டி மடங்காது, மிதிக்கவும் வராது. கடலில் அடிபட்டவனுக்குக் குப்பத்தில் சும்மா இருந்தாலும் அரைப் பங்கு உண்டு. நைனா அதை வாங்கிக்கொண்டு கரையில் வலை உலர்த்துவார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பிறகு இந்தப் பக்கம் பூமியைத் துளைத்துப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வாட்ச்மேனாகச் சேர்ந்த இவருக்கு ஒற்றைக் காலால் இந்த வண்டியை ஓட்டலாம் என்று அவர்கள்தான் காட்டினார்கள். லைசென்சும் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் போகும்போது ஏலத்தில் குப்பம் வண்டியை எடுத்தது. அன்றைக்கே நைனா அரைப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கம்பி கியர் வந்தால் தாண்டவராயன் ஓட்டுவான். லாரி ஓட்டத் தெரிந்தவன், வயசு இருபத்தாறு, இரண்டு கால். நைனா மறுபடி வலை உலர்த்தப் போவார். இது எல்லாருக்கும் தெரியும்.

29 ஜனவரி, புதன்

மரத்தடியில் பஞ்சாயத்து. குப்பத்துத் தலைவர் தேசப்ப நாட்டார் நைனாவைப் பார்த்துச் சுருக்கமாக முடித்தார். "சிங்காரம், மாசி மகம் வரிக்கும் டைம். அதுக்குள்ள பட்டன் கியரு கெடைச்சா மாட்டு. இல்லியா, ஞானதாஸ் சொல்றத மாட்டிக்குவோம். பொம்பளைங்க எத்தினி நாளு நடப்பாளுங்க?"

நியாயம்தான். அதுதான் கஷ்டம்.

31 ஜனவரி, வெள்ளி

இன்று முழுக்க வண்டிக்கு அடியில். ஞானதாஸ் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்: "இதுல நூறு தினுசு கீது பாப்பா, எதப் பாத்து வாங்குவ?" கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய்த் தட்டு ஒன்று இருக்கிறது. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. ஒரு மூலை வெட்டினாற்போல் ஒரு தனி உருவம். பழுப்புத் தாளை அதன்மேல் அழுத்திப் பென்சிலால் ஓரம் வரைந்து, போல்ட் ஓட்டைகளையும் குறித்துக்கொண்டேன். எஞ்சினோடு சேர்கிற முன்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கையை மேலே விட்டு விரலால் தடவி மனதில் வைத்துக்கொண்டேன்.

தலையெல்லாம் எண்ணெய். அம்மா சீயக்காயைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷப்படுகிற நேரமா இது?

1 பிப்ரவரி, சனி

புதுப்பேட்டை! எழும்பூரில் இறங்கி நானும் நைனாவும் நடந்தே போனோம். தெரு முழுக்க வண்டிகளின் உள்ளுறுப்புகள். கதவுகள் ஒரு குவியல், ஸ்டீயரிங்குகள் ஒரு குவியல். பட்டன் கியர் என்றதும் நாலு கடையில் சிரித்தார்கள். ஐந்தாவது கடை பாய் சிரிக்கவில்லை. "ரெண்டு கீது. கான்சலேட்டு காருங்கள்ல அவுத்தது" என்று உள்ளே கூட்டிப்போனார்.

முதலாவது பெரியது. தாளை வைத்தேன். மூலை, வெட்டு, ஓட்டை, அத்தனையும் பொருந்தியது! நைனா என் தோளைப் பிடித்தார்.

பிறகு முன்பக்கத்தைப் பார்த்தேன்.

எங்கள் எஞ்சின் ஆறு சிலிண்டர், ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். இந்தக் கியர்பாக்ஸ் வந்தது எட்டு சிலிண்டர் காரிலிருந்து. எஞ்சினைக் கவ்வுகிற முன்வாய் வேறு அமைப்பு. நான் விரலால் தடவிய இடத்தில் இங்கே ஓட்டையே இல்லை. முன்வாயும் உடம்பும் ஒரே வார்ப்பு, கழற்றி மாற்றவும் முடியாது. நைனாவின் காதில் சொன்னேன். "பொருந்தாதுன்னுது பாப்பா" என்று நைனா பாயிடம் சொன்னார். "வெல்டு வெச்சா எதுதான் பொருந்தாது?" என்றார் பாய்.

இரண்டாவது சின்னது, ஆறு சிலிண்டர் காரில் இருந்தது. முன்வாய் என் விரல் நினைவுக்குச் சரியாக வந்தது. ஆனால் எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. திங்கள்கிழமை ஏற்றத்தில் அடித்த அதே வாடை. கார் சாமான் வேறு. மீனும் ஐஸும் ஏற்றினால் தாங்குமா?

"சின்னதா இருந்தா இன்னா, ஓடுனா போதும். அதையே எடுத்துக்கலாம்" என்று நைனா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரல். "யோசிச்சிச் சொல்றோம்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்

நல்லது பொருந்தவில்லை. பொருந்துவது நல்லதில்லை.

8 பிப்ரவரி, சனி

பழையதை எப்படியும் கழற்றித்தானே ஆக வேண்டும் என்று ஞானதாஸ் வந்தார். மூன்று மரத்துண்டை முக்காலிபோல நிறுத்தி, வலைக்கயிற்றைப் போட்டு, அலுங்காமல் இறக்கினார்கள். தாண்டவராயன்தான் கயிற்றின் தலைப்பில். என்னைப் பார்த்து, "நா ஒண்ணும் இந்த சீட்டுக்கு அலையல கல்யாணி" என்றான். "தெரியும்" என்றேன். அவனோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே மணல் ஒரு பருக்கை போனாலும் கெட்டது என்றார் ஞானதாஸ். கடற்கரையில் மணலுக்கு எங்கே தப்பிப்பது? சிமெண்டுத் தரை உள்ள ஒரே இடம் பள்ளிக்கூடம். ஜன்னல்களில் ஈரப் புடவை கட்டினோம். அம்மா குடத்தோடு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் கால் கழுவ வைத்தாள். நாட்டாரையும் விடவில்லை. "இன்னாம்மா சொர்ணம், கோயிலா இது?" என்றார் அவர். "கோயில்னா சும்மா வுட்டுருப்பேன். கழுவு."

திறந்தார்கள்.

எப்படி எழுதுவேன்! நடுவில் ஒரு பற்சக்கரம். அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள். அவற்றையெல்லாம் வளைத்து, உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்து வேகம் மாறுகிறது. காலும் வேண்டாம், கையும் வேண்டாம், எண்ணெயின் அழுத்தமே பிடித்து நிறுத்துகிறது. கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் சுற்றினேன், மற்றதெல்லாம் தானாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தேன். ஞானதாஸ் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குடு பாப்பா, நானும் ஒரு வாட்டி" என்றார்.

கெட்டது எது என்பது கண்ணுக்கே தெரிந்தது. வட்டத் தகடுகளின்மேல் ஒட்டியிருந்த பட்டை உப்புத் தண்ணீரில் ஊறி, உரிந்து, கூழாகிவிட்டது. சில இடங்களில் துரு. ஆனால் கூடு? தட்டிப் பார்த்தோம். கீறல் இல்லை, நெளிவு இல்லை. முன்வாய் அப்படியே இருக்கிறது, எங்கள் எஞ்சினுக்கென்றே வார்த்த வாய்.

சட்டென்று எழுந்துவிட்டேன். எண்ணெய்த் தட்டு ஏன் அச்சுப்போலப் பொருந்தியது? புதுப்பேட்டையின் பெரியதும் எங்களுடையதும் ஒரே ஜாதி. வாய் மட்டும் வேறு. அப்படியானால் குடல் ஒன்றுதானே!

"அண்ணா, நம்ம கூடு நல்லாத்தான கீது? அதோட உள்சாமான இதுல வெச்சா?" என்றேன்.

ஞானதாஸ் கூட்டின் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு, "ரெண்டையும் பிரிச்சிப் போட்டுட்டு சேக்க வரலைன்னா, ரெண்டும் போச்சி பாப்பா" என்றார். சொல்லும்போதே அவர் கண் மின்னியது. பார்த்துவிட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பஞ்சாயத்தில் பெண்கள் பின்னால்தான் நிற்பது. பேசுவதாக இருந்தால் வீட்டு ஆள் பேச வேண்டும். நைனா எழுந்தார், தொண்டையைச் செருமினார், உட்கார்ந்துவிட்டார். தன் சீட்டுக்காகத் தானே எப்படிப் பேசுவார்?

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்ல, அம்மா அதைச் சந்தையில் மீன் விற்கிற குரலில் முன்னால் வீசினாள். "கூடு நம்மளுது! கொடலு அவனுது! ரெண்டும் ஒரே ஜாதி!" பெண்கள் சிரித்தார்கள். நாட்டாரும்.

"இரு சொர்ணம். பொருந்தாதுன்னு உம் பொண்ணே சொல்லுது. பொருந்தாதத இன்னாத்துக்கு வாங்கணும்? பொருந்துற சின்னது கீதே?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லித் தருவதற்குள் நாட்டார் மறுபடி கேட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. எப்படியோ வாய் திறந்தது.

"அது வெளிய பொருந்துது, உள்ள தீஞ்சிருக்கு. இது வெளிய பொருந்தல, உள்ள நல்லாக் கீது. நமக்கு வெளிய வாணாம். வெளிய நம்மகிட்டயே கீது."

அவ்வளவுதான். மறுபடி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். தாண்டவராயன்தான், "சரியாத்தான சொல்லுது நாட்டாரே" என்றான்.

"மகம் வரிக்கும். அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது" என்றார் நாட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் நைனா தன் தட்டிலிருந்த மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

பாயின் கடை. இந்தமுறை நானே கேட்டேன். "தட்டக் கழட்டிப் பாக்கணும்." பாய் நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

கழற்றினார். எண்ணெய் சிவப்பு, நல்ல சிவப்பு! முகர்ந்தேன், தீய்ந்த வாடை இல்லை. தட்டின் அடியில் உலோகப் பொடி இல்லை. விரலை விட்டுத் துழாவியதில் வந்தது மெல்லிய கருமைதான். வழக்கமான தேய்மானம் என்றார் கூட வந்த ஞானதாஸ்.

"பொருந்தாத சாமான இவ்ளோ மூந்து பாத்து வாங்குறது நீங்கதாம்மா" என்றார் பாய்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சிவப்பு எண்ணெயும் வாங்கினோம். காய்கறி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நான் வழியெல்லாம் கியர்பாக்ஸ் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

13 பிப்ரவரி, வியாழன்

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை. எங்கள் வண்டியின் பழையதையே போட வேண்டும். உள்ளே உப்பு எண்ணெய், பிரிக்கவும் முடியாது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவ வேண்டுமாம். ரேஷன் மண்ணெண்ணெய் யார் வீட்டில் மிச்சம் இருக்கிறது? கூடைக்கார மீனாட்சி அக்கா முதலில் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. ஓட்டையை இறுக்கி அடைத்து, சாக்கில் சுற்றி, மணலில் உருட்டினோம். கூடைக்காரப் பெண்கள் எல்லாரும். "ஏய், ஆணு பொறந்துகீதா பொண்ணு பொறந்துகீதா?" என்று கத்திக்கொண்டே உருட்டினாள் மீனாட்சி அக்கா. கடைசியில் மண்ணெண்ணெய் தெளிவாக வந்தது.

இன்று ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

நேற்றும் இன்றும் பள்ளிக்கூடத்தில். ஞானதாஸ் இன்று சர்ச்சில் பூசை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்தார். அது இப்போது வெள்ளை இல்லை. பழையதிலிருந்து ஒவ்வொன்றும் வெளியே வந்த வரிசையிலேயே நான் வேட்டித் துணிமேல் அடுக்கியிருந்தேன். புதியதை அதற்குப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக வைத்தோம். எல்லாம் ஒன்றுபோல் இருந்தது — கடைசித் தண்டைத் தவிர. அது காருக்கு ஒரு நீளம், எங்களுக்கு ஒரு நீளம். ஞானதாஸ் எங்கள் பழைய தண்டை எடுத்துத் துடைத்து, புதிய சக்கரங்களில் செருகினார். 'க்ளக்' என்று உட்கார்ந்தது.

"ஸ்தோத்திரம்" என்றார்.

நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தரையை மூன்று முறை கழுவினோம்.

19 பிப்ரவரி, புதன்

மாட்டியாயிற்று. எண்ணெய் ஊற்றியாயிற்று. நைனா ஏறி உட்கார்ந்தார். நான் வலது பக்கம். எஞ்சின் பிடித்தது. முன்னால் போகிற D பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் இல்லை.

நைனா பின்னால் போகிற R அழுத்தினார். இல்லை. மறுபடி D. இல்லை. அவர் கை பட்டன்மேலேயே இருந்தது, எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது — இரண்டும் போச்சா? நானா இதைச் செய்தேன்?

"எஞ்சின நிறுத்தாத அண்ணாத்த!" ஞானதாஸ் கம்பியை உருவிப் பார்த்தார். நுனியில்கூட எண்ணெய் இல்லை. அந்த இரும்புப் பூசணிக்காய் குடித்துவிட்டது! ஓடும்போதேதான் நிரப்ப வேண்டும். ஊற்றினார், இன்னும் ஊற்றினார். வண்டி லேசாக முன்னால் குனிந்தது, யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டியதுபோல. பிறகு நகர்ந்தது.

நகர்ந்தது! கோயில் வரை போய், மணலில் வளைத்து, பின்பக்கமாக வந்து, மறுபடி போய்... நைனா நிறுத்தவே இல்லை. பெண்கள் காலிக் கூடைகளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அம்மா சொல்கிறாள், மாமல்லபுரம் வரை கேட்டிருக்குமாம்.

24 பிப்ரவரி, திங்கள்

நாளை மகம். ஏற்றத்தில் முழுச் சுமையோடு போய்வந்தோம். எண்ணெய் சிவப்பாகவே இருக்கிறது. அலை ஓரத்துக்கு இறக்கச் சொன்னவர்களிடம் நைனா, "தூக்கினு வாங்கடா" என்றார். தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

7 மார்ச், வெள்ளி

விடியற்காலையில் நைனா எழுந்திருக்கவில்லை. அம்மா உலுக்கினாள். "தெனம் தெனம் நானே போவணுமா? ஒடம்பு வலிக்குது. ஒரு நாளு அந்தத் தாண்டவராயன் ஓட்டட்டுமே" என்று முனகினார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி வந்த நாளிலிருந்து அந்தச் சாவியை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

சாவியைக் கொடுக்க மட்டும் வெளியே வந்தார். தாண்டவராயன் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை எழுப்பி, பட்டனை அழுத்தினான். வண்டி நகர்ந்ததும் கியர் மாற்றுகிற பழக்கத்தில் இடது காலால் இல்லாத கிளட்சைத் தேடி ஒரு மிதி மிதித்தான். பட்டது பிரேக்கில். பின்னால் கூடைகள் சரிந்து, அத்தனை பெண்களும் ஒருவர்மேல் ஒருவர். "அட பாடைல போறவனே!" என்றாள் மீனாட்சி அக்கா. மறுபடி நகர்த்தினான். மறுபடி அதே மிதி. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

நைனா நொண்டிக்கொண்டு வந்து ஜன்னலில் கையை வைத்தார்.

"டேய், அந்த எடது கால மடக்கி ஒக்காருடா. அதுக்கு இங்க வேல இல்ல."

தாண்டவராயன் இடது காலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். வண்டி வழுக்கினாற்போலப் போயிற்று.

ரோட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நைனா நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் அதற்குள் கொட்டாவி விட்டபடி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.